திருத்தும் உரிமை: புதுச்சேரியின் பதிவேடுகளும் வலைச் செயலிகளின் கணக்குகளும்

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் வாழ்ந்த இந்தியர்கள், சாதி மத வழக்கத்தின்படி அமைந்த தங்கள் தனிச்சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர அது வழி செய்தது. துறப்பவர் அதிகாரி முன்னிலையில் அதை அறிவிக்க வேண்டும். தனக்கென்று ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் எடுத்த முடிவு மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், பின்வாங்க முடியாது. ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழையும் உரிமைக்காகப் போராடியவர் புதுவை வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவர் ‘லாபோர்த்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவர் வழியில் சென்றவர்களை ‘ரெனோன்சான்’ என்று புதுவையில் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

ஆணையின் அரசியலை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் அன்றே இருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு நடைமுறையை மட்டும் பார்த்தால், ஒரு மனிதரின் பதிவை மாற்றுவது குறித்து எழக்கூடிய கேள்விகள் பலவற்றுக்கு அதில் விடை இருக்கிறது. மாற்றம் கேட்கத் தகுதியுள்ளவர் யார், எந்த விவரம் மாறும், யார் முன்னிலையில் மாறும், எத்தனை முறை மாறலாம், அதனால் வேறு யாருடைய பதிவு மாறும் என்பதெல்லாம் எழுத்தில் உள்ளது. இன்று வங்கி, சமையல் எரிவாயு, ரயில் முன்பதிவு, மருத்துவமனை என எல்லாவற்றிலும் கணக்கு வைத்திருக்கும் புதுவைக்காரர், கைபேசியில் ‘புரொஃபைலைத் திருத்து’ என்ற பொத்தானை அழுத்துகிறார். அதே கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு அங்கே சில வரி நிரலின் தலையில் விழுகிறது. அந்த வரிகள் எந்தக் கேள்வியையும் கேட்காமல் வந்ததை வந்தபடி எழுதிவிடும் செயலிகள் ஏராளம்.

வலைச் செயலியில் இந்த வேலை நடக்கும் இடத்துக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். 1979இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நார்வேக்காரர் ட்ரிக்வே ரேன்ஸ்கௌக், சேமித்த தகவல் ஒரு பகுதி, திரையில் தெரிவது ஒரு பகுதி, பயனரின் செயலை வாங்கி நடத்துவது ஒரு பகுதி என்று நிரலைப் பிரித்து எழுதும் முறையை முன்வைத்தார். 2004இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகம் அந்த முறையை வலை உலகில் பரவலாக்கியது. தாலுகா அலுவலகத்து ஜன்னலில் மனு வாங்கும் எழுத்தரின் இடம்தான் கன்ட்ரோலரின் இடம். வந்தவர் யார் என்று பார்ப்பது, மனுவில் எந்தக் கட்டங்களை நிரப்ப அவருக்கு அனுமதி உண்டு என்று சரிபார்ப்பது, உள்ளே அனுப்புவது, முடிவைச் சொல்வது ஆகியவை அதன் வேலை. ரெயில்ஸ் வகுத்த ஏழு வழக்கமான செயல்களில் ‘அப்டேட்’ ஒன்று. பாடப் புத்தகங்களில் அது ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். நிறுவனங்களிலும் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் கொடுக்கப்படும் வேலைகளில் ஒன்று அதுதான். கணக்குத் தொடங்குவது ஒரு முறைதான் நடக்கும். திருத்துவதோ ஆயுள் முழுக்க நடக்கும். ஆகவே கவனம் அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

அந்த ஐந்தாறு வரிகள் என்ன செய்யும் என்பதை உலகம் 2012 மார்ச்சில் பார்த்தது. எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர், ரெயில்ஸின் இயல்பிலேயே ஓர் ஆபத்து இருப்பதாக அதை உருவாக்கியவர்களிடம் முறையிட்டிருந்தார். படிவத்தில் வந்த அத்தனை விவரங்களையும் ஒரே மூச்சில் பதிவுக்குள் கொட்டிவிடும் வசதி ரெயில்ஸில் இருந்தது. படிவத்தில் காட்டாத ஒரு கட்டத்தையும் ஒருவர் தானாகச் சேர்த்து அனுப்பினால் அதுவும் உள்ளே போய்விடும். எதை ஏற்கலாம் என்று பட்டியல் போடுவது ஒவ்வொரு நிரலாளரின் பொறுப்பு என்று அவருக்குப் பதில் கிடைத்தது. ரெயில்ஸின் மூல நிரல் இருந்த கிட்ஹப் தளமும் ரெயில்ஸில் எழுதப்பட்டதுதான். ஹோமகோவ் அங்கே தன் பாதுகாப்புச் சாவியைத் திருத்தும் படிவத்தில், சாவியின் உரிமையாளர் யார் என்று குறிக்கும் எண்ணையும் சேர்த்து அனுப்பினார். அவருடைய சாவி ரெயில்ஸ் குழுவின் கணக்கில் ஏறிக்கொண்டது. அந்த உரிமையைக் கொண்டு மூல நிரலிலேயே ஒரு கோப்பைச் சேர்த்துக் காட்டினார். கிட்ஹப் முதலில் அவர் கணக்கை முடக்கியது, பிறகு திருப்பிக் கொடுத்தது.

உலகின் கைதேர்ந்த நிரலாளர்கள் கூடும் தளமே ஒரு திருத்தப் படிவத்தில் சறுக்கியது என்பதால் அந்தச் சம்பவம் பலரை விழிக்க வைத்தது. அடுத்த ஆண்டு வெளியான ரெயில்ஸ் 4, அனுமதித்த கட்டங்களின் பெயர்களைக் கன்ட்ரோலரிலேயே வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்ற ஏற்பாட்டை இயல்பாக்கியது. பிஹெச்பியில் எழுதுவோர் பயன்படுத்தும் லாராவெல், நிரப்பத் தக்க கட்டங்களின் பட்டியலைக் கேட்கிறது. பைத்தானின் ஜாங்கோ, படிவத்தில் எந்தக் கட்டங்கள் வரும் என்று சொல்லாமல் விட்டால் 1.8 பதிப்பு முதல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. இருந்தும் நோய் ஒழியவில்லை. வலைப் பாதுகாப்பில் அனைவரும் மதிக்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2019இல் ஏபிஐ (செயலிகள் சர்வரோடு பேசும் வழி) ஆபத்துகளுக்கான பட்டியலில் இதற்கு ஆறாம் இடம் கொடுத்தது. 2023இல் இதையும், காட்டக் கூடாத விவரத்தைக் காட்டிவிடும் குறையையும் ஒன்றாக்கி மூன்றாம் இடத்துக்கு ஏற்றியது. கைபேசிச் செயலிகள் பெருகியது இதற்கு ஒரு காரணம். சர்வருக்கு எதை அனுப்புவது என்பதைக் கைபேசித் திரைதான் முடிவு செய்கிறது என்று நம்பிச் சர்வர் பக்கத்தைக் காவலின்றி விட்டுவிடும் பழக்கம் இன்னும் தொடர்கிறது.

எந்தக் கட்டம் என்ற கேள்விக்கு முன்னால் யாருடைய பதிவு என்ற கேள்வி நிற்கிறது. பயனர் எண் 17 தன் பக்கத்தைத் திருத்தும்போது முகவரிப் பட்டையில் அந்த 17 தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 18 ஆக்கினால் அடுத்தவர் பதிவு திறக்கிறது என்றால், பூட்டே இல்லாத வீடு அது. இவ்வளவு எளிய குறை பெரிய இடங்களில் இருக்காது என்று தோன்றும். 2019இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துப் பத்திரக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில், எண்ணை மாற்றினாலே பிறருடைய ஆவணங்கள் திறந்தன. கோடிக்கணக்கான ஆவணங்கள் அப்படிக் கிடந்தன. 2025இல் இந்திய வருமான வரித் தளத்தில், உள்ளே நுழைந்த ஒருவர் தன் பான் எண் இருந்த இடத்தில் வேறொரு பான் எண்ணை வைத்து அனுப்பினால் அந்த எண்ணுக்கு உரியவரின் விவரங்கள் வந்துவிடும் நிலை இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். பிறகு அது சரிசெய்யப்பட்டது.

இதற்கான மருந்து கடினமானதல்ல. தன் கணக்கைத் திருத்துபவருக்கு எண்ணே தேவையில்லை. உள்ளே நுழைந்தவர் யார் என்பது சர்வருக்குத் தெரியும். அவருடைய பதிவை அங்கிருந்தே எடுக்க வேண்டும், அனுப்பப்பட்ட எண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. ‘என் புரொஃபைல்’ என்ற ஒற்றை வழி போதும். பிறர் பதிவைத் திருத்தும் அதிகாரம் உள்ள அலுவலருக்குத் தனிக் கன்ட்ரோலர், தனி நுழைவு, தனி விதிகள் வேண்டும். இரண்டையும் ஒரே செயலில் அடைத்து, நடுவே ‘இவர் நிர்வாகியா’ என்று ஒரு கேள்வியைச் செருகுவது காலப்போக்கில் ஓட்டையாகத்தான் முடிகிறது. புதிதாக ஒரு கட்டம் சேர்க்கிறவர் அந்தக் கேள்வியின் எந்தப் பக்கம் அதை வைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவார்.

அடுத்தது, பேசாமல் விட்டதற்கு என்ன பொருள் என்ற கேள்வி. இதைப் புதுவையின் வரலாறு கூர்மையாகவே சந்தித்திருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தாலும், 1956 மே 28இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றைக்கு இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கோ ஏற்பாடு தலைகீழ்: எழுதித் தராதவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே தொடர்ந்தார். அண்ணன் சைகோனிலும் தம்பி புதுவையிலும் இருந்து இருவருமே எதுவும் எழுதித் தராமல் இருந்திருந்தால், ஒரே மௌனத்துக்கு இரண்டு குடியுரிமை. ஒப்பந்தம் அந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதி வைத்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

வலைச் செயலியில் இதே சிக்கல் தினமும் வருகிறது. பதிவு முழுவதையும் புதிதாக மாற்றி வைக்க ‘புட்’ என்ற கட்டளையும், சில விவரங்களை மட்டும் மாற்ற ‘பேட்ச்’ என்ற கட்டளையும் இருக்கின்றன. பின்னது 2010இல்தான் இணையத் தரமாக எழுதப்பட்டது. கைபேசி எண்ணை மட்டும் மாற்ற வந்தவருடைய படிவத்தில் முகவரி இல்லை என்றால், முகவரியை அப்படியே விட வேண்டுமா, அழித்துவிட வேண்டுமா? விவரம் வரவே இல்லை என்பது ஒன்று, வெற்றாக வந்தது என்பது இன்னொன்று, ‘நீக்கு’ என்று சொல்லி வந்தது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்தறியாத கன்ட்ரோலர், பழைய பதிப்புச் செயலியைக் கைபேசியில் வைத்திருக்கும் ஒருவர் ‘சேமி’ என்று அழுத்தியதும், அந்தப் பதிப்புக்குத் தெரியாத புதிய கட்டங்களை எல்லாம் சத்தமில்லாமல் துடைத்துவிடும். ஜேசன் வடிவில் பகுதித் திருத்தம் அனுப்புவதற்கான 2014ஆம் ஆண்டுத் தரம், ‘நல்’ என்ற வெறுமைக் குறி வந்தால் நீக்குவது, வராவிட்டால் தொடாமல் விடுவது என்று இதை முடிவு செய்து வைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் அந்தத் தரத்தைப் பின்பற்றலாம், வேறு முறையும் வைத்துக்கொள்ளலாம். எதையும் முடிவு செய்யாமல் விடுவதுதான் தவறு.

எல்லாக் கட்டங்களும் ஒரே எடை கொண்டவையல்ல. ஆதார் இதில் நல்ல எடுத்துக்காட்டு. ஆதாரை வழங்கும் யுஐடிஏஐயின் விதிப்படி பெயரை ஆயுளில் இருமுறை திருத்தலாம், பிறந்த தேதியை ஒருமுறை, பாலினத்தை ஒருமுறை. முகவரிக்கு அப்படி வரம்பு இல்லை. ஏனென்றால் மனிதர் வீடு மாறுவார், பிறந்த நாள் மாறாது. வரம்பைத் தாண்டித் தேவைப்படுகிறவர்களுக்கு அலுவலக விசாரணை வழியாகத் தனிப் பாதை உண்டு. இதைக் கூர்ந்து பார்த்தால், ‘கணக்கைத் திருத்துதல்’ என்ற ஒற்றைச் செயல் உண்மையில் இல்லை என்பது புரியும். பெயர்த் திருத்தம், கைபேசி எண் மாற்றம், கடவுச்சொல் மாற்றம், அறிவிப்பு மொழியைத் தமிழாக்குதல் எல்லாம் வெவ்வேறு செயல்கள். அவற்றை ஒரே நீண்ட படிவத்திலும் ஒரே அப்டேட்டிலும் அடைத்ததில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. நிரலைப் பல சிறு கன்ட்ரோலர்களாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஆதாரத்தையும் தாமதத்தையும் எச்சரிக்கையையும் வைக்க இடம் கிடைக்கும்.

மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லை மறந்தவருக்குப் புதுச் சாவி போய்ச் சேரும் இடம் அது. அதை மாற்றுபவர் கணக்கையே மாற்றுகிறார். ரெயில்ஸ் உலகில் பெரிதும் பயன்படும் டிவைஸ் என்ற நிரல் தொகுப்பு, புதிய முகவரியை உடனே பதிவில் ஏற்றாமல் ‘இன்னும் உறுதியாகாதது’ என்ற தனிக் கட்டத்தில் வைக்கும் வசதியைத் தருகிறது. புதிய முகவரிக்குப் போன இணைப்பைத் திறந்து உறுதி செய்யும்வரை பழையதே செல்லும். பழைய முகவரிக்கும் ஓர் எச்சரிக்கை போக வேண்டும். திருடனே மாற்றியிருந்தால், உரியவருக்குத் தெரிய வரும் கடைசி வாய்ப்பு அதுதான். கடவுச்சொல்லை மாற்றும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்பதும், மாற்றியதும் பிற கருவிகளில் திறந்திருக்கும் நுழைவுகளை மூடுவதும் இதைச் சார்ந்தவை. ஜாங்கோவில் கடவுச்சொல் மாறியதும் மற்ற நுழைவுகள் தாமாகவே செல்லாமல் போகும்படி ஏற்பாடு இருக்கிறது.

கைபேசி எண்ணில் இந்தியாவுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இங்கே பெரும்பாலான கணக்குகளின் கதவு ஓடிபி. துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். புதுவையிலிருந்து பாரிசுக்குப் பிள்ளைகளோடு இருக்கப் போகும் பெற்றோரை நினைத்தால் சிக்கல் விளங்கும். ரீசார்ஜ் செய்யாத இந்திய எண் காலாவதியாகிறது, எண் இன்னொருவர் கைக்குப் போகிறது, வங்கியின் ஓடிபி அந்த அந்நியருக்கு வருகிறது. எண்ணைத் திருத்தலாம் என்று உள்ளே போனால், உறுதிப்படுத்தப் பழைய எண்ணுக்கே ஓடிபி அனுப்பும் செயலி அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பழைய எண் கையில் இல்லாதவருக்கு மாற்று வழி வைக்காத திருத்தப் படிவம் பாதி வேலைதான். மாற்று வழி தளர்வாக இருந்தால் சிம் மோசடிக்காரர் அதில் நுழைவார். சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 2024 ஜூலை 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வைத்தது. செயலிகளும் அந்த அறிவைக் கடன் வாங்கலாம்: முக்கிய விவரம் மாறிய சில நாட்களுக்குப் பெரிய பணப் பரிமாற்றத்தை நிறுத்தி வைத்தால், உரியவர் விழித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

பெயர் என்ற கட்டம் புதுவையில் படும் பாடு தனி அத்தியாயம். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டவர் ஒரு தெருவில். குடும்பப் பெயர் கட்டாயமான ரெனோன்சான் வழித்தோன்றல் அடுத்த தெருவில். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசையிலும் இந்திய ஆவணத்தில் வேறு வரிசையிலும் பெயர் கொண்ட முன்னாள் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பம் மூன்றாவது தெருவில். ‘முதற்பெயர்’, ‘கடைப்பெயர்’ என்ற இரண்டு கட்டங்களும் கட்டாயம் என்று வைத்த படிவம் இவர்களில் ஒருவரையாவது பொய் சொல்ல வைக்கும். முதலெழுத்தைக் கடைப்பெயராகப் போட்டவர் நாளை பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று திருத்தம் கேட்டு வருவார். நிரலாளர்கள் பெயர்களைப் பற்றி நம்பிக்கொண்டிருக்கும் தவறான கருத்துகளைப் பேட்ரிக் மெக்கென்சி 2010இல் பட்டியலிட்டார். எல்லோருக்கும் கடைப்பெயர் உண்டு, பெயர் மாறாது என்பவையெல்லாம் அதில் இருந்தன. புதுவையில் ஒருநாள் உட்கார்ந்தால் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டலாம்.

தமிழ் எழுத்தில் பெயரை ஏற்கும் செயலிகள் இன்னொரு படுகுழியைக் கடக்க வேண்டும். ‘பொன்னுத்தம்பி’ என்பது படிப்பவர் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அது 13 குறியீடுகள், யுடிஎஃப்-8 முறையில் 39 பைட்டுகள். பெயருக்கு 30 பைட்டு போதும் என்று எண்ணியவர் அதை நடுவில் வெட்டிவிடுவார். முதலெழுத்தான ‘பொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் கணினிக்கு இவை வேறு வேறு. சேமிப்பதற்கு முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு நெறி இந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும். ‘ஸ்ரீ’ என்பதை அது தீர்க்காது. 2005இல் யூனிகோடில் சேர்ந்த தாலவிய சகரத்தைக் கொண்டு தட்டச்சிட்டால் ஒரு வரிசையும், பழைய ஸகரத்தைக் கொண்டு தட்டச்சிட்டால் இன்னொரு வரிசையும் பதிவாகும். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். வேறு கைபேசியிலிருந்து தன் பெயரைத் திருத்தியவருக்கு, ‘ஆவணத்தோடு பொருந்தவில்லை’ என்று வரும் செய்தியின் காரணம் ஒருநாளும் விளங்காது. பிரெஞ்சுப் பெயர்களின் மேற்குறிகளுக்கும் இதே கதைதான். அவற்றைத் ‘தவறான எழுத்து’ என்று தள்ளிவிடும் படிவங்கள் புதுவைக்காரர் பலரின் பெயரையே தவறு என்கின்றன.

ஒன்றுபோல் தெரியும் எழுத்துகள் ஆபத்தாகவும் மாறும். 2013இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் தனக்கு நேர்ந்ததை வெளிப்படையாக எழுதியது. பயனர் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நிரல், விசித்திரமான யூனிகோடு எழுத்துகளை முதல் முறை ஒரு மாதிரியும் இரண்டாம் முறை இன்னொரு மாதிரியும் மாற்றியது. அப்படி ஒரு பெயரில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைப் புதுப்பிக்கக் கேட்டால், அதே பெயரைச் சாதாரண எழுத்தில் வைத்திருந்த வேறொருவர் கணக்கின் கடவுச்சொல் மாறியது. ஒரே வடிவாக்கும் நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வர வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

முகவரிக்கு வருவோம். பின்கோடை நிரப்பியதும் மாநிலத்தைத் தானே நிரப்பிவிடும் வசதி பல தளங்களில் இருக்கிறது. புதுவை வட்டாரத்தில் அந்த வசதி நம்பத்தக்கதல்ல. 605001 புதுச்சேரி நகரம். 605101 ஆரோவில், அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 605602 விழுப்புரமே. யூனியன் பிரதேசத்தின் மற்ற துண்டுகளோ காரைக்கால் 609602, மாகே 673310, ஏனாம் 533464 என்று சோழ நாட்டுக் கரையிலும் மலையாளக் கரையிலும் கோதாவரிக் கரையிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களின் வரிசை எண்களோடு கலந்து கிடக்கின்றன. முதல் மூன்று எண்களைப் பார்த்து மாநிலம் சொல்லும் நிரல் மாகேவைக் கேரளம் என்றும் ஏனாமை ஆந்திரம் என்றும் எழுதும். அதைத் திருத்தவும் விடாமல் கட்டத்தைப் பூட்டி வைத்திருந்தால் பயனருக்கு வேறு வழியே இல்லை.

இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. சென்னைக் கடைக்காரர் ஆரோவிலுக்குப் பொருள் அனுப்பினால் மாநிலத்துக்குள் நடந்த விற்பனை. சில கிலோமீட்டர் தள்ளிப் புதுவை நகரத்துக்கு அனுப்பினால் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, வரித் தலைப்பே வேறு. கணக்கில் ஒரு கட்டம் தவறினால் விலைப்பட்டியல் தவறும். இதில் மறுபக்கமும் உண்டு. பயனர் வீடு மாறி முகவரியைத் திருத்தும்போது, சென்ற ஆண்டின் விலைப்பட்டியலில் உள்ள முகவரி மாறக் கூடாது. விற்பனை நடந்த நேரத்து முகவரியைப் பட்டியலோடு பிரதி எடுத்து வைக்காத செயலி, ஒரு சொடுக்கில் பழைய கணக்குகளை எல்லாம் பொய்யாக்கிவிடுகிறது. ஊரின் பெயரே இப்படித் திருத்தப்பட்டதுதான். நாடாளுமன்றச் சட்டத்தால் 2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. இன்றும் பழைய பெயரையும் புதிய பெயரையும் இரண்டு தனி மாநிலங்கள்போலக் கீழிறங்கு பட்டியலில் காட்டும் தளங்கள் உண்டு.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே பதிவைத் திருத்தினால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓய்வூதியர் காமன் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து முகவரியை மாற்றுகிறார். அதே நேரத்தில் மகள் வீட்டிலிருந்து வங்கி விவரத்தை மாற்றுகிறார். இருவர் திரையிலும் பழைய பதிவு இருக்கிறது. கடைசியில் சேமித்தவருடையது முந்தையவரின் திருத்தத்தை விழுங்கிவிடும். பதிவுக்கு ஒரு பதிப்பு எண் வைத்து, ‘நீங்கள் பார்த்த பிறகு இது மாறிவிட்டது’ என்று இரண்டாமவரைத் திருப்பி அனுப்பும் முறை ரெயில்ஸிலேயே இருக்கிறது; ஹெச்டிடிபி தரத்திலும் இதற்கு இடம் உண்டு. பயன்படுத்துவோர் குறைவு என்பதுதான் வருத்தம்.

சட்டமும் இப்போது இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தவும் நிறைவு செய்யவும் புதுப்பிக்கவும் அழிக்கவும் தனிநபருக்கு உரிமை தருகிறது. 15ஆம் பிரிவு, திருத்தம் கேட்பவர் சரிபார்க்கத் தக்க உண்மையான தகவலையே தர வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. ‘பெயரை மாற்ற இயலாது, வாடிக்கையாளர் சேவையை அணுகவும்’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும் செயலிகளுக்கு, அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்ததும் அது போதாது. பிரான்சில் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் நுட்பமானது. வயது வந்தவர் தாய் அல்லது தந்தையின் குடும்பப் பெயருக்கு, அல்லது இரண்டும் சேர்ந்த பெயருக்கு, ஆயுளில் ஒருமுறை நகரசபையில் அறிவித்து மாறிக்கொள்ளலாம். ஆனால் குறைந்தது ஒரு மாதம் கழித்து நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும். 13 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அந்தப் பெயர் செல்ல வேண்டுமானால் பிள்ளையின் சம்மதம் வேண்டும். மனைவியையும் பிள்ளைகளையும் கேட்காமலே இழுத்துச் சென்ற 1881ஆம் ஆண்டு ஆணைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. குடும்பக் கணக்கு, குடும்ப அட்டை, குழுக் காப்பீடு போன்றவற்றுக்கு நிரல் எழுதுவோர் படிக்க வேண்டிய சட்டம் இது. தலைவர் பதிவில் செய்த மாற்றம் உறுப்பினர்களிடம் எப்போது செல்லும், யாரைக் கேட்டுச் செல்லும் என்பதை அவர்களும் முடிவு செய்தாக வேண்டும்.

இனி, திருத்தியதன் தடம். பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேட்டில் மூலப் பதிவை யாரும் அடித்து எழுதுவதில்லை. திருமணம், மணமுறிவு, பெயர் மாற்றம் எல்லாம் தேதியோடு ஓரத்தில் குறிக்கப்படும். இத்தகைய தடத்துக்கு எவ்வளவு ஆயுள் உண்டு என்பதைப் புதுவை காட்டுகிறது. 1963இல் இந்து திருமணச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் சேர்க்கப்பட்டது. முப்பாட்டன் செய்த ஓர் அறிவிப்பு, வழித்தோன்றலின் திருமணத்துக்கு எந்தச் சட்டம் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தப் பதிவு அழிந்திருந்தால் வழக்குகளுக்கு அடிப்படையே இருந்திருக்காது. வலைச் செயலியிலும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம் ஆகிய நான்கையும் தனி அட்டவணையில் வரிவரியாக எழுதுவதே முறை. ரெயில்ஸில் ‘பேப்பர் டிரெயில்’ போன்ற ஆயத்தத் தொகுப்புகள் இதைச் செய்கின்றன. கடவுச்சொல் போன்றவற்றை அந்தத் தடத்தில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

ஆனால் தடம் சிலரைக் காயப்படுத்தும். உச்ச நீதிமன்றம் 2014இல் நால்சா வழக்கில் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. அவர்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம், சான்றிதழ் பெற்றவர் ஆவணங்களில் முதற்பெயரையும் மாற்றிக்கொள்ள வழி தந்தது. அப்படி மாற்றிக்கொண்ட ஒருவருக்கு, பெயர் மாறிய பிறகும் பழைய பெயரில் வரும் ஒரு குறுஞ்செய்தி, வீட்டு வாசலில் டெலிவரிக்காரர் உரக்கக் கூப்பிடும் ஒரு பெயர், வாடிக்கையாளர் சேவைத் திரையில் ‘முன்பு இன்னார்’ என்று ஓடும் ஒரு வரி ஆகியவை தரும் வலியும் ஆபத்தும் சிறியவையல்ல. பெரும்பாலும் இதற்குக் காரணம் தீய எண்ணம் அல்ல. பெயர் ஒரே இடத்தில் சேமிக்கப்படாமல் மின்னஞ்சல் சேவை, டெலிவரி நிறுவனம், தேடல் அட்டவணை, தற்காலிக நினைவகம் என்று பத்து இடங்களுக்குப் பிரதியாகியிருக்கும். அப்டேட் செயல் அவற்றில் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று சொல்லிவிடும். மீதி ஒன்பது இடங்களுக்கும் மாற்றம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அந்தச் செயலின் வேலைதான். வரலாற்று அட்டவணையை அழிக்கத் தேவையில்லை. அதை அன்றாடத் திரைகளில் எங்கும் காட்டாமல், தணிக்கைக்கோ நீதிமன்ற ஆணைக்கோ தேவைப்படும் அலுவலர் காரணத்தை எழுதிய பிறகே திறக்கும்படி வைக்கலாம். அவர் திறந்து பார்த்த செய்தியும் அதே அட்டவணையில் பெயரோடும் நேரத்தோடும் ஏற வேண்டும், கணக்குக்கு உரியவர் கேட்டால் யார் பார்த்தார்கள் என்று காட்டவும் வேண்டும்.